வயிற்றுப் பூச்சிக்கு மருந்து

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று நம் மன்றச் செயலாளர் கேட்டார். பூச்சி மருந்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தா?" என்று ஆவலோடு வினவினார். "இல்லை, வயிற்றுப் பூச்சிக்குக் கொடுப்பது" என்றேன். அவர் முகம் கோணிற்று. கம்பனைப் பற்றியோ, போனால் போகிறது, விண்கலத்தைப் பற்றியோ எழுதினால் நாலு பேர் விடுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படிப்பார்கள். இதை எங்கே வைத்துப் படிப்பது என்பது அவர் கவலை. கவலை நியாயமானதுதான். அன்பர்கள் இக்கட்டுரையைச் சாப்பாட்டுக்கு முன்னரோ பின்னரோ படிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். ஆனால் படியுங்கள். மண்வழியாக வரும் குடற்புழுக்கள் உலகில் சுமார் 150 கோடிப் பேர் வயிற்றில் குடியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் மன்றத்து உறுப்பினர் ஒருவருக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன்.

சென்ற பிப்ரவரி 10-ஆம் நாள், லக்னோவுக்கு வெளியே ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு மருந்தியல் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் உதவிக்குப் போயிருந்தோம். அன்று குடற்புழு நீக்க நாள். 2015-ஆம் ஆண்டில் பதினொரு மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் இது தொடங்கிற்று. மறு ஆண்டு நாடு முழுவதற்கும் விரிந்தது. 1 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் என்னும் மாத்திரை ஒன்றைக் கொடுக்கிறார்கள். 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி, பொடித்து நீரில் கரைத்து. மற்றவர்கள் ஆசிரியர் கண்ணெதிரே மென்று தின்னவேண்டும். "சபா கே காவோ, சபா கே!" என்று தலைமையாசிரியர் வரிசை நெடுகக் கூவிக்கொண்டே போனார். மென்று தின்னு என்பது பொருள். ஒரு பயல் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்து காட்டினான். தலைமையாசிரியர் அவனைவிடக் கெட்டிக்காரர். கன்னத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். வகுப்பே சிரித்தது.

மகளை அழைத்துவந்த ஒரு தாய் வாசலில் நின்று இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். உருளைக்கிழங்குக் காட்டில் கூலி வேலை. கடைசியில் தயங்கித் தயங்கி, "எனக்கும் ஒன்று கொடுப்பீர்களா?" என்று கேட்டாள். பட்டியல் 19 வயதோடு முடிகிறது என்று ஆசிரியை சொன்னார். அவர்மேல் குற்றமில்லை, எண்ணிக் கொடுத்த மாத்திரைக்கு எண்ணிக் கணக்கெழுத வேண்டும். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் உள்ளங்கையை நான் கவனித்தேன். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. அத்தகைய உள்ளங்கையை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் அக்காளின் உள்ளங்கை.

எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்தில். அக்காள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வயலையும் ஆடுகளையும் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு 21 வயது நடக்கும்போது ஓயாத அசதி பிடித்துக்கொண்டது. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தால் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். யாரும் பார்க்காதபோது பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்பாள். "சோம்பேறி" என்று வீட்டில் பெயராயிற்று. சொன்னவர்களில் நானும் ஒருவன். பெண் பார்க்க வந்தவர்கள், "பெண்ணுக்கு முகத்தில் ரத்தமே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பின்தான் வீட்டார் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். ஒன்றரை ஆண்டுக் காலம் இரும்புச் சத்து டானிக் குடித்தாள். பாட்டி தன் பங்குக்கு விளக்கெண்ணெயைக் கொடுத்துப் பேதியாக வைத்தாள். இடையில், 2015-இல், பள்ளியில் எனக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நான் மென்றுவிட்டு, இனிப்பாக இருக்கிறதே என்று வீட்டில் வந்து பெருமை பேசினேன். எனக்கு 16 வயது, அக்காளுக்கு 22.

இனி அந்த மாத்திரை எவற்றைக் கொல்கிறது என்று பார்ப்போம்.

பூச்சி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல சாதிகள் உண்டு. பெரியது உருளைப்புழு. நாக்குப்பூச்சி என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஒரு சாண் நீளத்துக்கு மேலும் வளரும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அடுத்தது சாட்டைப்புழு, பெருங்குடலின் சுவரில் மெல்லிய தலைப்புறத்தைத் தைத்துக்கொண்டு கிடப்பது. இவ்விரண்டின் முட்டைகளும் மலத்தோடு மண்ணில் விழுந்து, அங்கே சில வாரங்கள் முதிர்ந்து, கழுவாத கையோடும் காய்கறியோடும் வாய்க்குள் வருகின்றன. இரவில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கிக் குழந்தையைத் தூங்கவிடாமல் செய்யும் சின்னஞ்சிறு வெள்ளைப் புழு கீரிப்பூச்சி. அதற்கு மண் வேண்டியதில்லை. சொறிந்த விரல் நகமே போதும். ஆகவே அது வந்த வீட்டில் எல்லாருமே மருந்து சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் சாப்பிடவேண்டும். இனிப்புத் தின்றால் பூச்சி பிடிக்கும் என்று நம் தாய்மார் சொல்வது மிட்டாயைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றுவதற்குப் பயன்படுமே தவிர, உண்மையன்று. முட்டை உள்ளே போகாமல் புழு வராது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. கொக்கிப்புழு. நீளம் ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் என் அக்காளைச் சோம்பேறியாக்கியது அதுவே.

கொக்கிப்புழு வாய் வழியாகவே வந்தாக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் கால் வழியாக வருகிறது. இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் எகிப்தில் கெய்ரோ நகரில் இப்புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். இளம்புழுக்கள் நெளியும் நீரைச் சீமைப்பெருச்சாளிகளுக்குப் புகட்டும்போது ஒரு துளி அவர் கைமேல் சிந்தியது. அந்த இடம் சிவந்து அரித்தது. மீதியிருந்த நீரை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் புழுக்களின் வெறும் சட்டைகள்தாம் கிடந்தன, புழுக்களைக் காணோம். சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் தென்பட்டன. இது நடந்தது 1898-ஆம் ஆண்டை ஒட்டி. தோலைத் துளைத்த புழு இரத்தத்தோடு ஓடி நுரையீரலை அடைந்து, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் போய்ச் சேருகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுபோல.

முட்டை மண்ணில் விழுந்து ஓரிரு நாளில் பொரிந்துவிடும். ஐந்து முதல் பத்து நாளில் இளம்புழு தோலைத் துளைக்கும் பக்குவம் பெறும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணாயிருந்தால் மூன்று நான்கு வாரம் உயிரோடு காத்திருக்கும். எங்கள் ஊரில் அப்போது பாதி வீடுகளில் கழிப்பறை கிடையாது. பெண்கள் விடியுமுன் வாழைக்கொல்லைப் பக்கம் போவார்கள். நிழல், ஈரம், வெறுங்கால் மூன்றும் ஒருங்கே அமைந்த இடம். கொக்கிப்புழுவே தனக்கென்று ஓர் இடம் தேடினாலும் இதைவிடச் சிறந்ததைத் தேர்ந்திருக்க முடியாது.

குடலுக்குள் வந்த புழு சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கிறது. தென்னாட்டில் மிகுதியாகக் காணப்படும் சாதியின் ஒரு புழுவால் ஒரு நாளைக்கு 0.03 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. மற்றொரு சாதி அதைப்போல் ஐந்து மடங்கு குடிக்கும். துளியிலும் துளிதானே என்று தோன்றும். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர். அந்த இரத்தத்தில் சுமார் ஒன்றரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதில் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், சோறும் குழம்புமாக உண்ணும் ஒரு பெண் நாள் முழுவதும் உணவிலிருந்து சேர்க்கும் இரும்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். மாதந்தோறும் இழப்பது வேறு. ஒன்றரை ஆண்டு டானிக் குடித்தும் அக்காள் தேறாத காரணம் இப்போது விளங்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டியின் விளக்கெண்ணெயும் பயன்படவில்லை. பேதியில் எது போனாலும் கவ்விக்கொண்டிருக்கும் புழு போகாது.

இந்தச் "சோம்பேறி" என்ற பட்டம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளையர்களைச் சோம்பேறிகள் என்று நகரத்தார் இகழ்ந்து வந்தார்கள். 1902-இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்பவர் அவர்கள் பலருடைய குடலில் கொக்கிப்புழு இருப்பதை எடுத்துக்காட்டினார். செய்தித்தாள் ஒன்று அதற்குச் "சோம்பல் கிருமி" என்று பெயரிட்டது. 1909-இல் ராக்பெல்லர் என்னும் எண்ணெய்க் கோடீசுவரர் பணம் கொடுக்க, புழுவை ஒழிக்க ஓர் இயக்கமே தொடங்கியது. பின்னர் இலங்கைத் தோட்டங்களுக்கும், 1920-களில் சென்னை மாகாணத்துக்கும் ராக்பெல்லர் அறநிலையத்தார் வந்து மருந்து கொடுத்தார்கள்.

அவர்கள் கொடுத்த மருந்துகளின் கதையைக் கேட்டால் இன்றைய மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். நம் சமையலறை ஓமத்திலிருந்து எடுப்பது தைமால். முதல் நாள் பட்டினி, பேதி உப்பு, மறுநாள் தைமால், பிறகு மீண்டும் பேதி உப்பு. எண்ணெயோ சாராயமோ அன்று வயிற்றில் சேர்ந்தால் தைமால் கரைந்து இரத்தத்தில் ஏறி உயிருக்கே உலை வைத்துவிடும். 1830-இல் ஒருவகை மாசிப்பத்திரிச் செடியின் மொட்டுகளிலிருந்து பிரித்தெடுத்த சான்டோனின் உருளைப்புழுவுக்கு நல்ல மருந்து. ஆனால் உண்டவருக்கு உலகம் மஞ்சளாகத் தெரியும். 1921-இல் மாரிஸ் ஹால் என்ற அமெரிக்கக் கால்நடை அறிஞர் கார்பன் டெட்ராகுளோரைடைத் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டுப் பிறருக்குப் பரிந்துரைத்தார். கொக்கிப்புழு செத்தது, சிலருடைய ஈரலும் கெட்டது. அதற்குப் பதிலாக வந்தது, பட்டுத் துணிகளை நீரின்றி வெளுக்கும் சலவைக் கடைகளில் பயன்படும் திரவத்தின் உடன்பிறப்பன்று, அதே திரவம்! டெட்ராகுளோரோஎதிலீன் என்பது அதன் பெயர். நம் தாத்தாக்கள் காலத்தில் அதைத்தான் கூடுகளில் அடைத்து விழுங்க வைத்தார்கள். 1950-களில் வந்த பைபரசீன்தான் குழந்தைகளுக்கு அச்சமின்றிக் கொடுக்கக்கூடிய முதல் மருந்து எனலாம். அது புழுவைக் கொல்வதில்லை; தசைகளைத் தளரவைத்துவிடும். பிடியிழந்த உருளைப்புழுவைக் குடலே வெளியே தள்ளிவிடும். ஆயின் கவ்விக்கொண்டு இருக்கும் கொக்கிப்புழுவுக்கு அது ஆகாது.

இன்றைய மாத்திரை வந்த வழி ஆட்டுமந்தை வழி. 1961-இல் தையபெண்டசோல் என்ற மருந்து ஆடுமாடுகளின் புழுவுக்கென்று வெளிவந்தது. அக்குடும்பத்தில் 1970-களின் தொடக்கத்தில் மெபெண்டசோல் பிறந்தது. 1977-இல் அல்பெண்டசோல் ஆடுகளுக்கு விற்பனைக்கு வந்தது. மனிதருக்குக் கொடுக்க 1982-இல்தான் ஒப்புதல் கிடைத்தது.

இது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உயிரணுக்களுக்குள் நுண்ணிய குழல்கள் உண்டு. பந்தலுக்குக் கால் நட்டது போல அணுவைத் தாங்குவதும், பொருள்களை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லும் பாதையாக இருப்பதும் அவையே. டியூபுலின் என்ற புரதத்தைச் செங்கல் போல் அடுக்கி அவை கட்டப்படுகின்றன. அல்பெண்டசோல் புழுவின் செங்கலில் போய் ஒட்டிக்கொள்கிறது; அதன்மேல் அடுத்த கல் ஏறாது. குழல்கள் சிதைகின்றன. புழுவின் குடல் அணுக்களால் சர்க்கரையை உறிஞ்ச முடிவதில்லை. சேமிப்பு தீர்ந்து, சோற்றுக் குவியலின் நடுவே கிடந்து பட்டினியால் சாகிறது. இது ஒரு நாளில் முடிகிற காரியமன்று. சில நாள் பிடிக்கும். மாத்திரை சாப்பிட்ட மறுநாள் மலத்தில் புழுவைத் தேடிவிட்டு மருந்து போலி என்று முடிவு கட்டுவோர் இதை அறிய வேண்டும். நம் உடலிலும் அதே புரதம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் நம்முடையதில் இம்மருந்து அவ்வளவு இறுக ஒட்டுவதில்லை. மேலும் இது நீரில் எளிதில் கரையாதது. பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடும். குடற்புழுவுக்கு அதுதானே வேண்டும்! மென்று தின்னச் சொல்வதும் பொடியாகிக் குடல் முழுவதும் பரவட்டும் என்றுதான்; சிறு பிள்ளைகளின் தொண்டையில் சிக்காமல் இருப்பதற்காகவும். மூளையிலோ ஈரலிலோ புகுந்த நாடாப்புழுவின் குட்டிகளுக்கு இதே மருந்தைக் கொடுக்கும்போது மட்டும், நெய்யும் எண்ணெயும் சேர்ந்த உணவோடு கொடுப்பார்கள். கொழுப்போடு சேர்ந்தால் இரத்தத்தில் பல மடங்கு ஏறும்.

எல்லாப் புழுவும் ஒரே மாத்திரையில் ஒழிந்துவிடுமா? 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்ன கணக்கு இது. ஒருமுறை அல்பெண்டசோல் உண்டவர்களில் உருளைப்புழு அறவே நீங்கியவர் நூற்றுக்கு 96 பேர். கொக்கிப்புழு நீங்கியவர் 80 பேர். சாட்டைப்புழு நீங்கியவர் 31 பேர் மட்டுமே. மெபெண்டசோல் ஒரே வேளையாகக் கொடுத்தால் உருளைப்புழுவுக்கு இதற்கு இணை. கொக்கிப்புழுவுக்கோ நூற்றுக்கு 33 பேரைத்தான் குணப்படுத்துகிறது. "பூச்சி மருந்து ஒன்று கொடுங்கள்" என்று கடையில் பொதுவாகக் கேட்டு வாங்குவதில் உள்ள கோளாறு இது. எந்தப் பூச்சி என்று தெரியாமல் எந்த மருந்து என்று சொல்வது எப்படி?

அக்காளுக்கு அதைத் தெரிந்து சொன்னவர் நகரத்து மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் டாக்டர். நகங்களைத் திருப்பிப் பார்த்தார். கரண்டி போல் குழிந்திருந்தன. அரிசி தின்பாயா என்று கேட்டார். அக்காள் அழுதுவிட்டாள், அதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 6.2 இருந்தது, 12 இருக்கவேண்டியது. மலத்தைச் சோதித்ததில் கொக்கிப்புழுவின் முட்டைகள் ஏராளம். அல்பெண்டசோல் கொடுத்தார், இரும்பு மாத்திரையை நிறுத்தாமல் ஆறு மாதம் தொடரச் சொன்னார். புழுவைக் கொன்றால் ஓட்டை அடைபடுமே ஒழிய, குடம் தானாக நிறையாது அல்லவா? ஆறு மாதத்தில் 11.4 ஆயிற்று. வீட்டிற்கு வந்த அக்காள் மருந்துச் சீட்டில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு கொட்டிலுக்குப் போய், தட்டியில் செருகியிருந்த ஒரு புட்டியை எடுத்துவந்து அப்பாவிடம் காட்டினாள். ஆடுகளுக்கு ஆண்டுக்கு இருமுறை ஊற்றும் பூச்சி மருந்து. அதே பெயர். ஆடுகளுக்கு ஒரு தவணையும் தப்பாமல் அப்பா ஊற்றிவந்தார். அவர் அன்று ஒன்றும் பேசவில்லை. நான் மருந்தியல் படிக்க வந்ததற்கு வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியாது.

மறு ஆண்டே அக்காளுக்குப் புழு திரும்பிவிட்டது. இதில் வியப்பில்லை. இம்மருந்து உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும். நாளை நுழையப் போவதைத் தடுக்காது. 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மருந்து கொடுத்து ஓராண்டு கழிவதற்குள் உருளைப்புழு பழைய அளவில் நூற்றுக்கு 94 பங்குக்கும், சாட்டைப்புழு 82 பங்குக்கும், கொக்கிப்புழு 57 பங்குக்கும் திரும்பிவிடுகின்றன. ஆனால் இப்புழுக்கள் வயிற்றுக்குள் பல்கிப் பெருகுவதில்லை என்பது ஓர் ஆறுதல். உள்ளே இருக்கும் நூறு புழுவும் நூறு தனித்தனி நுழைவுகள். ஆகவே அவ்வப்போது கொன்றுவந்தால் எண்ணிக்கை நூறுக்கு ஏறாது, பத்தில் நிற்கும். பத்துப் புழுவை உடல் தாங்கிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை, பரவல் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் இருமுறை, என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்ததன் பொருள் இதுதான்.

இத்தனை மாத்திரையால் பயன் உண்டா என்று அறிஞர்களிடையே பெரும் சண்டையே நடந்திருக்கிறது. கென்யாவில் நடந்த ஆய்வு ஒன்று, மருந்து கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராத நாள்கள் கால்பங்கு குறைந்தன என்று 2004-இல் கூறியது. அதற்கு நேர்மாறாக, நாம் இருக்கும் இதே உத்தரப் பிரதேசத்தில் 1999 முதல் ஐந்தாண்டுக் காலம், பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்த மாபெரும் ஆய்வு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் கொடுத்ததால் இறப்பிலோ எடையிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்று 2013-இல் அறிவித்தது. அக்குழந்தைகளுக்குப் புழுச் சுமை பொதுவாகக் குறைவு என்பதையும் அவ்வாய்வாளர்களே குறிப்பிட்டார்கள். என்னைக் கேட்டால், இரு சாராரும் "சராசரிக் குழந்தை" என்ற ஒருவனைப் பற்றியே வாதாடுகிறார்கள் என்பேன். புழு சராசரியாகப் பங்கிட்டுக்கொண்டு குடியேறுவதில்லை. ஊரில் சிலர் வயிற்றில் மட்டும் கும்பலாகச் சேருகிறது. அந்தச் சிலர் யார் என்பதுதான் கேள்வி. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளிப் பிள்ளைகளிடம் மிகுதி. கொக்கிப்புழுவோ வயதோடு ஏறுவது. வயலில் இறங்குகிற வயது வந்தவர்களிடம் அது கூடுதல். பள்ளியில் கொடுக்கும் மாத்திரை அவர்களைத் தேடிப் போவதில்லை.

இதை உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் கொடுக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாக 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களுக்கும், கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நீங்கலாக, இம்மாத்திரையைக் கொடுத்துவருகிறார்கள். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் திமிரியிலும் சவ்வாது மலையிலும் 2017-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும் உடன் நடந்தது. பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை வீதம் மூன்றாண்டு மருந்து கொடுத்தால் பரவலே அற்றுப்போகுமா என்று பார்ப்பது அதன் நோக்கம். ஊருக்கே மருந்து கொடுப்பதில் ஓர் அச்சமும் உண்டு. தையபெண்டசோல் வந்த மூன்றே ஆண்டில், 1964-இலேயே, அதற்கு மசியாத புழுக்கள் ஆடுகளிடம் தோன்றிவிட்டன. செங்கல்லில் ஓர் இடம் சற்றே மாறினால் மருந்து ஒட்டாது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். கண்டபடி ஊற்றிய மந்தைகளில் இன்று இக்குடும்பத்து மருந்து எதுவும் பலிப்பதில்லை. மனிதப் புழுவிடமும் அது நேராது என்று எவரும் உறுதி கூற முடியாது. மருந்தோடு கழிப்பறையும் செருப்பும் வரவேண்டும் என்பது அதனால்தான்.

விடுதி நண்பர்களுக்கு ஒரு சொல். "நானும் ஒன்று போட்டுக்கொள்ளலாமா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். தேநீர் விலைக்கு ஒரு மாத்திரை கிடைக்கும். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு ஒரு வேளை 400 மில்லிகிராம் தீங்கு செய்வது அரிது. புழு நிறைய இருந்தால் சாகும்போது சிறிது வயிற்றுவலி, குமட்டல், தலைச்சுற்றல் உண்டாகும். படுத்து எழுந்தால் சரியாகிவிடும். ஆனால் கருவுற்ற முதல் மூன்று மாதம் கூடாது. வலிப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேளாமல் தொடவே கூடாது. மூளையில் நாடாப்புழுக் குட்டி தங்கியிருந்தால், அது சாகும்போது உண்டாகும் வீக்கத்தால் வலிப்பு மிகும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான் என்று அறைத் தோழனுக்கு மாதம் ஒரு மாத்திரை கொடுத்துவரும் நண்பர் ஒருவரை நான் அறிவேன். அவர் அதை நிறுத்திக்கொள்ளலாம். பல்லைக் கடிப்பதற்கும் பூச்சிக்கும் தொடர்பில்லை. தேர்வுக்கும் அதற்கும்தான் தொடர்பு.

உருளைக்கிழங்குக் காட்டுப் பெண்ணை மறுவாரம் தேடிப் போனோம். அவளை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிச் சோதித்தார்கள். கருவுறவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டு மருந்து கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7.1.

அக்காளுக்கு இப்போது திருமணமாகி இரண்டு குழந்தைகள். வீட்டில் கழிப்பறை இருக்கிறது. ஆனால் சேற்றில் செருப்போடு நாற்று நட முடியாது. முப்பது வயதையும் தாண்டிவிட்டாள். ஆகவே மறுபடியும் பட்டியலுக்கு வெளியே. சென்ற முறை தொலைபேசியில் பேசும்போது, நினைவாக மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். ஆடுகளுக்கு மருந்து ஊற்றுகிற அன்றே தானும் ஒன்றை மென்றுவிடுவதாகச் சொன்னாள். அந்த நாளை அப்பா மறக்கவே மாட்டாராம்.